இறக்கத்தில் நிறுத்துகிறவள்

கார்னிவல் செவ்வாயன்று
பம்பரில் காகிதச் சுருள் சுற்றி
நாலு சக்கரத்துக்கும் பீர் தெளித்துப் பூசை போட்டேன்.
புதன்கிழமை சாவியைத் திருப்பினால்
டக்.
யாரோ சொடக்குப் போட்டுக் கூப்பிட்டதுபோல.
மறுபடி. டக்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டு, ஓடும் என்றார்கள்.
பதினோரு நாள் ஓடியது.
அப்புறம் தட்டலுக்கும் மசியவில்லை.

மோட்டார் வாங்கப் பணமில்லை.
லா பாஸில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை.
மேலே நிறுத்து, முன்சக்கரத்துக்குக் கல் கொடு.
கிளம்பும்போது கல்லை எடு, ஓடிவந்து ஏறு,
இரண்டாம் கியர், கிளட்சை விடு.
இருமிக்கொண்டு எழும் என் மினிபஸ்.

ஆறு மாதம்
சாப்பாடு இறக்கத்தில், குட்டித் தூக்கம் இறக்கத்தில்.
செவேரோவை விவாகரத்து செய்யக்
கையெழுத்துப் போடப் போன நாள்,
நீதிமன்ற வாசல் சமதளம் என்பதால்
நாலு தெரு மேலே விட்டுவிட்டு
மழையில் இறங்கி நடந்தேன்.
தாமதம், என்றாள் குமாஸ்தா.
ஒன்பது வருஷம், என்றேன்.

எல் ஆல்தோ மட்டும் கைவிட்டது.
அங்கே பூமி பலகைபோல் கிடக்கிறது.
பயணிகள் இறங்கித் தள்ளினார்கள்.
பள்ளிப் பையன்கள், லீவில் வந்த சிப்பாய்,
ஒருமுறை வெள்ளைக் கோட்டோடு ஒரு பல் டாக்டர்.
தள்ளியவர்களுக்குத் தள்ளுபடி.

ஆளே இல்லாத விடியலில்
கருஞ்சோளக் கஞ்சி விற்கும் எர்மோஹெனெஸ்
கரண்டியைப் பானையில் விட்டுவிட்டு வருவார்.
நாலாயிரம் மீட்டர் உயரம், மூச்சு வாங்கும், பேசமாட்டார்.
பின்கதவில் இரண்டு உள்ளங்கை.
வண்டி உறுமியதும் கூடவே ஓடிவந்து
ஜன்னலில் ஒரு கோப்பை நீட்டுவார்.
காசு வாங்கமாட்டார்.

ஆகஸ்டில், வியாழக்கிழமைச் சந்தையில்,
கதவுகளும் ரேடியேட்டர்களும் குவிந்த தரையில்
பழைய மோட்டார் ஒன்று, முந்நூற்று இருபதுக்கு.
விற்றவள் பேட்டரி ஒயரைத் தொட்டுக் காட்டினாள்.
தரையில் கிடந்தது துள்ளி
சின்னப் பல்சக்கரத்தை வெளியே நீட்டி
விர்ரென்று சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டது.
பேரம் பேச மறந்துபோனேன்.

அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
முதலில் பேட்டரியின் மைனஸ்.
தடித்த கேபிள், மெல்லிய ஒயர்.
கீழ் போல்ட் சொன்ன பேச்சுக் கேட்டது.
மேல் போல்ட்டைப் பார்க்க முடியாது, விரல்தான் கண்.
ஒரு மணி நேரம், ஒரு நகம்.
சட்டென்று என் மார்பின்மேல் இறங்கியது
ஐந்து கிலோ குளிர்.

பக்கத்துக் கடை யோலா துளைக்குள் டார்ச் அடித்தாள்.
ஃப்ளைவீல் பற்கள், வட்டம் முழுக்க நன்றாக,
ஒரே இடத்தில் மட்டும் நாலு மழுங்கி.
"எஞ்சின் அணையும்போது பெரும்பாலும்
அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.
அங்கேயேதான் கடிபடும்" என்றாள்.
அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பல் போனால் சொல் போச்சு.
இதற்கு இன்னும் கொஞ்சம் சொல் மிச்சம்.

மாட்டினேன், மைனஸைக் கடைசியில்.
சாவி.
டக் இல்லை.
யோலாவின் நாய் எழுந்து ஓடியது.

மறுநாள் விடியலில்
கரண்டியை விட்டுவிட்டு வந்தார் எர்மோஹெனெஸ்.
அவரிடம் சொல்ல மறந்திருந்தேன்.
கை கதவில் படுமுன்னே திருப்பிவிட்டேன்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
இரண்டு கையும் காற்றில்,
போய்விட்ட ஒன்றைத் தாங்கியபடி.

ரிவர்ஸில் வந்து கஞ்சி கேட்டேன்.
கோப்பையைத் துடைத்தார், நிரப்பினார்.
"இரண்டு பொலிவியானோ."
மூன்று கொடுத்தேன்.
ஒன்றைத் திருப்பித் தந்தார்.

மதியம், சாப்பிட,
வண்டியை நிறுத்தி அணைத்து இறங்கி
முன்சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது, தெரு சமதளம்.
கல்லை எடுக்கவில்லை.